இடதுகை ரைஃபிள்

சுபாஷ்ரீயின் வலது கண்ணில் பார்வை போய்விட்டது என்று கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது, இனி நான்தான் முதல் என்பதுதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் தோன்றியது.

உத்திரமேரூரில் பழைய ரைஸ்மில் கொட்டகைக்குள் இருக்கிறது எங்கள் ரைஃபிள் கிளப். ஆறு வருடமாக அங்கே அவள் முதல், நான் இரண்டாவது. காவாந்தண்டலத்திலிருந்து என் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து, என் பழைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வருவாள். வந்து என்னையே தோற்கடிப்பாள்.

அவளிடம் இல்லாதது என்னிடம் ஒன்றே ஒன்றுதான். நான் நொட்டாங்கை. கிளப்பில் இருந்த ஒரே இடதுகை ரைஃபிளை என்னைத் தவிர யாரும் தொடமாட்டார்கள். கன்னத்தை வைக்கும் தட்டு எவ்வளவு உயரத்தில் நிற்கவேண்டும் என்று அதன் கம்பியில் நெயில்பாலிஷால் சிவப்பாக ஒரு கோடுகூடப் போட்டு வைத்திருந்தேன்.

காய்ச்சலில் கண் நரம்பு கெட்டுவிட்டதாம். ஊரே அவள் வீட்டுக்குப் போய் வந்தது. என் அம்மா சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனாள். எனக்கு டைபாய்டு வந்தபோது ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தச் சாத்துக்குடிக்குக்கூட எனக்கு வயிறு எரிந்தது.

மூன்றாம் மாதம் கிளப்புக்கு வந்து நின்றாள். இனி இடது கண்ணால்தான் குறி பார்க்கவேண்டும், அதற்கு ரைஃபிளை இடது தோளுக்கு மாற்றவேண்டும். கிளப்பை நடத்தும் ராஜாராம் சார் என் ரைஃபிளை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"காலைல கொயலி, சாயங்காலம் நீ" என்றார். ஏலவார்குழலி என்ற என் பெயர் அவர் வாயில் அவ்வளவுதான்.

பார்ப்பதற்கென்றே சாயங்காலமும் போனேன். முதல் வாரம் அவள் இடது விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. குண்டுகள் அட்டையின் மூலைக்குப் போயின. திருப்தியாக வீடு திரும்பினேன். அடுத்த வாரம் கறுப்பு வட்டத்துக்குள் ஒன்றிரண்டு விழுந்தன. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

"கொயலி, கண்ணு குறி பாக்கற ஓட்டைக்கு நேரா வரமாட்டேங்குது. தட்ட எவ்ளோ ஒசரம் வெச்சிக்கினு சுடற நீ?" என்று கேட்டாள்.

"இன்னும் ஒரு வெரல்கட ஏத்து. லெஃப்ட்டுக்கு அப்டித்தான்" என்றேன். பொய். அவ்வளவு ஏற்றினால் கழுத்து இழுக்கும், கண் நிலைக்காது.

"சரிடி" என்றாள்.

அதன்பிறகு நான் சாயங்காலம் போகவில்லை. போகத் தேவையும் இருக்கவில்லை. தினமும் காலையில் பார்த்தால் தட்டு ஒரு விரல்கடை ஏறியே இருக்கும். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும். அதைச் சிவப்புக் கோட்டுக்கு இறக்கி, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சுடுவேன்.

மாநிலப் போட்டிக்குக் கிளப்பிலிருந்து ஒரு பெண்தான் போகலாம். தேர்வன்று முதலில் நான் சுட்டேன். நாற்பது குண்டு, நானூறுக்கு முன்னூற்று எண்பத்தொன்று. இதற்குமுன் நான் அவ்வளவு எடுத்ததே இல்லை. அடுத்தது சுபாஷ்ரீ, அதே ரைஃபிள்.

"இரு, ஒன் அளவுக்கு ஏத்தித் தரேன்" என்று அக்கறையாகத் திருகாணியில் கை வைத்தேன்.

"வாணாம், அப்டியே வுடு. என் அளவும் அதான்."

"தெனம் மேலதான இருந்திச்சி?"

"நீ சொன்ன மாரி ஏத்துனதும் கீய ஒன் செவப்புக் கோடு தெரிஞ்சிச்சி. ஒரு கண்ணுதானடி போச்சி." ரைஃபிளை வாங்கி இடது தோளில் பொருத்திக்கொண்டாள். "சுட்டு முடிச்சி வூட்டுக்குப் போறப்ப ஏத்தி வெச்சிட்டுப் போவேன். காலைல பாத்தா நீ சந்தோசமா இருப்பியே."

நான் போட்ட கோட்டில் கன்னத்தை வைத்து நாற்பதையும் சுட்டாள். முன்னூற்று எண்பத்தாறு.

சார் கைதட்டினார். நானும் தட்டினேன். வெளியே வந்ததும் எப்போதும்போல என் பழைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவள் முகம் தெரியாதபடி ஸ்கூட்டியின் கண்ணாடியைத் திருப்பிவிட்டு வண்டியை எடுத்தேன்.