படி இல்லாத பரண்

முதல் நாள் காலை எட்டு மணிக்கே அய்லி மரத்தில் கட்டிய வேட்டைப் பரணிலிருந்து இறங்கிவிட்டாள். அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் வடகோடியில் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போக வருஷத்தில் இருப்பதே ஒன்பது நாள். அதில் முதல் நாள் இருட்டோடு ஏறினால் இருட்டிய பிறகுதான் இறங்குவது; ஒன்றுக்கு வந்தால்கூட அதற்கென்று ஒரு புட்டி கொண்டுபோகிற ஆட்கள் இவர்கள். அவளோ இறங்கினதோடு விடவில்லை. ஓக் மரத்தில் திருகியிருந்த பதினோரு இரும்புப் படிகளையும் மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே இறங்கினாள். கோணியில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு வேட்டைக் குடிலுக்கு நடந்தாள்.

காரணம் ஒரு பெட்டை மான். ஏழு மணிக்கு இரண்டு குட்டிகளோடு வடக்கே இருந்த சதுப்பிலிருந்து மேட்டுக்கு ஏறி வந்து, முப்பது தப்படி தூரத்தில் நின்றது. கீழே கொட்டிக் கிடந்த ஓக் கொட்டைகளை அது சட்டை செய்யவில்லை. மோப்பமும் பிடிக்கவில்லை. கடைக்குள் நுழைகிறவன் கல்லாவில் யார் என்று பார்ப்பானே, அப்படி நேராகத் தலையைத் தூக்கிப் பரணைப் பார்த்தது. அவளைக் கண்டதும் முன்காலால் தரையை ஒரு தட்டு தட்டி, ஒரு சீறு சீறிவிட்டுப் போயே போய்விட்டது. போகிற போக்கில் குட்டிகளும் அண்ணாந்து பார்த்தன. அடிப் பாவி, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறாயே என்று அய்லிக்கு ஆத்திரம் பொங்கியது. அடங்கியதும் வெட்கமாகிவிட்டது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் சரி என்று இரண்டு வருஷமாக ஒன்பது நாளும் இதே பரணில் பழிகிடந்தவள் அவள்தான். மான் ஒன்றும் மடச்சி இல்லை.

மத்தியானம் அண்ணன் ரெய்னோவும் அண்ணியின் தம்பி வெஸ்லியும் சூப் குடிக்கக் குடிலுக்கு வந்தார்கள். அய்லி கோணியை மேசையில் கவிழ்த்தாள்.

“என்னது இது?” என்றார் ரெய்னோ.

“மேட்டுப் பரணோட படி. இனிமே வாடைக்காத்து அடிக்கிற அன்னிக்குத்தான் ஏறுவேன். அதுவரைக்கும் அது சும்மா கிடக்கட்டும். மானுங்க நம்மள கொஞ்சம் மறக்கட்டும்.”

குடிலின் உள்கதவில் ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு பரணுக்கும் எதிரே ஒரு பெயர். அதற்கு மேலே தாத்தா செதுக்கி எழுதிய இரண்டு விதிகள். ஆள் இல்லாத பரணில் யார் வேண்டுமானாலும் ஏறலாம். மூன்று வருஷம் தொடர்ந்து வெறுங்கையோடு வந்தால் பரணும் போகும், பெயரும் போகும். அந்த ஆள் சமையல்கட்டுக்குப் போக வேண்டும். அய்லிக்கு இது மூன்றாவது வருஷம். அவளுக்கு முன்னால் அந்தப் பரண் அவள் அப்பா உர்ஹோவுடையது. எழுபத்தோரு வயதில் அவர் மூன்றாம் வருஷமாக வெறுங்கையோடு வந்தபோது, அவர் பெயரைப் பென்சிலால் அடித்தவர் ரெய்னோதான். பெரியவருக்குக் கண் மங்கிவிட்டது என்று ஊரே பேசியது. அடுத்த வேட்டை முழுக்க உருளைக்கிழங்கு உரித்தார். பனி உருகும் நாளில் செத்துப்போனார். பரணை எனக்குத் தா என்று அய்லி சண்டை போட்டு வாங்கினாள்.

“அம்மணி, காலிப் பரண் ஊர்ப்பொது. பலகையைப் படிக்கலையா?” என்றான் வெஸ்லி. மேட்டின்மேல் அவனுக்கு நெடுநாளாகவே ஒரு கண்.

“படிச்சேன். ஏறலாம்னு எழுதியிருக்கு. படி குடுக்கணும்னு எழுதலையே. ஆசையா இருந்தா அணில் மாதிரி தொத்தி ஏறு.”

“அப்பாடி, என்ன வாய் இது.”

ரெய்னோ சிரிக்கவில்லை. “பாரு அய்லி, இருக்கிறதே ஒன்பது நாளு. எல்லாத்தையும் வீணடிச்சிட்டு அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதே. தங்கச்சின்னு பாக்கமாட்டேன்.”

“அப்பான்னே பாக்கலை. தங்கச்சியையா பாக்கப்போறீங்க?”

ரெய்னோ சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய், மூன்று நாளும் தெற்கேயிருந்துதான் காற்று. மேட்டில் உட்கார்ந்தால் ஆள் வாசனை நேராகச் சதுப்புக்குள் போய் மானைத் தட்டி எழுப்பிச் சொல்லிவிடும். அய்லி ஆரஞ்சுக் கோட்டை மாட்டிக்கொண்டு ஒரு நாள் ஓடைக்கரையில், ஒரு நாள் விழுந்த மரத்தடியில் என்று இடம் மாற்றி மாற்றி உட்கார்ந்தாள். அணில்களைத்தான் பார்த்தாள். கோணியைத் தலைக்கு வைத்துத் தூங்கினாள். வெஸ்லியை நம்ப முடியாது. அவன் அதையும் கேலி செய்தான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்குக் கேலி புதிதில்லை. நாற்பது பிள்ளைகளைச் சமாளித்தவளுக்கு இவன் ஒரு கொசு.

ஆனால் மூன்றாம் வருஷமும் வெறுங்கைதானோ என்ற பயமும் இருந்தது. புதன்கிழமை மனசு கேட்காமல் படிகளைத் தூக்கிக்கொண்டு மேட்டடி வரைக்கும் போய்விட்டாள். தெற்குக் காற்று பிடரியில் அடித்தது. போடி, இன்றைக்கு ஏறினால் நீயும் காற்றைப் பார்க்காமல் ஏறுகிற மந்தையில் ஒருத்திதான் என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்பினாள். வியாழக்கிழமை, நன்றித் திருநாள் வான்கோழி விருந்தில் அவள் தட்டுக்குப் பக்கத்தில் முள்கரண்டிக்குப் பதிலாக உருளைக்கிழங்கு சீவுகிற கத்தி இருந்தது. வெஸ்லியின் வேலை. அவள் அதாலேயே வான்கோழியைக் குத்தித் தின்றாள். ஒரு துண்டும் ருசிக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் அதே தெற்குக் காற்றுதான்.

எட்டாம் நாள், சனிக்கிழமை விடிவதற்குள் வாடைக்காற்று வந்துவிட்டது. அய்லி மானின் தடத்தை மிதிக்காமல் தெற்கே ஓடை வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். கையுறையைக் கழற்றிவிட்டுப் படிகளை ஒவ்வொன்றாகத் திருகினாள். இரும்பு விரலில் ஒட்டித் தோலை எடுத்தது. பரணுக்கு நேர் கீழே பனியில் புதுக் குளம்புத் தடங்கள். மரத்தடி வரைக்கும் வந்து கொட்டை பொறுக்கியிருந்தன. ஏழு நாளில் இவ்வளவு தைரியம் வந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே பரணில் ஏறி உட்கார்ந்தாள்.

ஒன்பது மணிக்குக் கொம்பன் வந்தது. எட்டுக் கிளைக் கொம்பு, தடித்த கழுத்து. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இப்போது பார்க்கும், இப்போது பார்க்கும் என்று காத்திருந்தாள். அது அண்ணாந்து பார்க்கவே இல்லை. தலையைக் குனிந்து பனியைக் கிளறத் தொடங்கியது. அய்லி சுட்டாள். இருபது தப்படி ஓடி விழுந்தது. அதன் பக்கத்தில் மண்டியிட்டு, கழுத்தில் கை வைத்து, கொஞ்ச நேரம் அழுதாள். சந்தோஷமா துக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை.

மத்தியானத்துக்குள் கொம்பன் குடிலின் முன்னால் தொங்கியது. அய்லி அடுப்படியில் ஈரல் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெஸ்லி வந்து கையை நீட்டினான்.

“சும்மா சொல்லக்கூடாது, நல்ல அடி. படியைக் குடு. உன் வேட்டை முடிஞ்சுது, நாளைக்குப் பரண் காலிதானே.”

“தரமாட்டேன்.”

“இது அநியாயம். அத்தான், விதியைச் சொல்லுங்க.”

“விதின்னா விதிதான் அய்லி,” என்றார் ரெய்னோ. “நாம இஷ்டத்துக்கு மாத்த முடியாது.”

அய்லி திரும்பினாள். “அப்பா ஏன் தினமும் அதுல ஏறினாரு தெரியுமா? காத்து தெரியாத மனுஷனா அவரு? ஒரு நாள் இறங்கினா நீங்க ஏறிடுவீங்க. அந்தப் பயத்துல இறங்கவே இல்லை. உக்காந்து உக்காந்தே அந்த இடத்தைக் கெடுத்தாரு. அவரைப் பாத்து நானும் ரெண்டு வருஷம் கெடுத்தேன். அப்பாவுக்குக் கண்ணு மங்கலை. மானுக்கு அவரைத் தெரிஞ்சுபோச்சு.”

வெஸ்லி என்னவோ சொல்ல வாயெடுத்தான். “நீ கொஞ்சம் சும்மா இரு,” என்றார் ரெய்னோ. பெஞ்சில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

“கடைசி வருஷம் என்கிட்ட கேட்டாரு.”

“யாரு?”

“அப்பாதான். ‘பரணை ஒரு வாரம் சும்மா போடறேன்டா, யாரும் ஏறாம பாத்துக்கிறியா’ன்னு கேட்டாரு.”

அய்லியின் கத்தி நின்றது. அப்பா பிடிவாதக்காரர், அவருக்குப் புரியவில்லை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள். “நீங்க என்ன சொன்னீங்க?”

“விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்னு சொன்னேன்.”

அவளுக்கு அண்ணனை ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது. “சொல்லிட்டு, கண்ணு மங்கிப்போச்சுன்னு ஊரெல்லாம் பேசினப்ப கேட்டுட்டு நின்னீங்க.”

“நின்னேன்.” அவர் தொப்பியையே பார்த்தார். “இப்ப என்னை என்ன பண்ணச் சொல்றே? அவர் பேரைத் திரும்ப எழுதட்டுமா?”

“செத்தவருக்குப் பேர் எதுக்கு? விதியை அழிங்க.”

ரெய்னோ எழுந்து சட்டைப்பையில் பென்சிலைத் தேடினார்.

“பென்சில் பத்தாது அண்ணே,” என்றாள். ஈரல் கத்தியைத் துணியில் துடைத்து, பிடி அவர் பக்கம் இருக்கும்படி நீட்டினாள்.

தாத்தாவின் எழுத்து மரத்துக்குள் ஆழமாக இறங்கியிருந்தது. யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்ற முதல் வரியைச் சுரண்டி முடிக்கவே அரை மணி ஆயிற்று. அய்லி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். போதும் என்று அவள் சொல்லவில்லை.