இருபது நுளம்புகள்

2025 ஓகஸ்ட் 12, செவ்வாய்.
இன்று ஒரு பிழை விட்டேன். நுளம்பின் சுரப்பியை நனைக்க மிஸ் கலக்கி வைத்த உப்புநீரை எடுக்காமல், பண்ணையிலிருந்து பையில் வந்த போத்தலை எடுத்துவிட்டேன். அது கடல்நீர். மூன்று சுரப்பிகள் சுருங்கிப் போயின. யாரும் ஏசவில்லை. ஆனாலும் பிழை பிழைதான்.

பஹ்மிதா நாட்குறிப்பின் கடைசி வரியைக் கோடு போட்டு வெட்டினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு அதையே திரும்பவும் எழுதினாள்.

பகலில் அவளுக்குப் புத்தளம் மாவட்டத்தில், குறிஞ்சிப்பிட்டிப் பக்கத்து இறால் குஞ்சுப் பண்ணையில் வேலை. நுணுக்குக்காட்டியில் குஞ்சுகளைப் பார்ப்பாள்; வால் வளைந்திருக்கிறதா, குடல் நிறைந்திருக்கிறதா என்று குறித்து வைப்பாள். அங்கே எதை நனைப்பதென்றாலும் கடல்நீர்தான். கை அப்படிப் பழகிவிட்டது. மாலையில் பஸ் ஏறிப் பாலாவிக்குப் போவாள். சந்திக்குப் பக்கத்திலுள்ள ஒரு மேல்மாடியில் பூச்சியியல் வகுப்பு. கீழே லொறி போனால் மேலே மேசை அதிரும். அதிர்வு அடங்கும்வரை எல்லோரும் ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

வகுப்பை நடத்தும் அக்கீலா மிஸ்ஸுக்கு பஹ்மிதாவைவிட நான்கு வயதுதான் கூட. கிழக்கு ஆபிரிக்காவில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்துவிட்டு வந்தவள். மலேரியாவுக்கு எதிராக அங்கே இப்போது இரண்டு தடுப்பூசிகள் குழந்தைகளுக்குப் போடப்படுகின்றன. அவை பல உயிர்களைக் காக்கின்றன. எல்லா உயிர்களையும் காக்கப் போதவில்லை. அதனால் பல நாடுகளில் அடுத்த தடுப்பூசிக்கான வேலை நடக்கிறது. அதில் ஒரு வழி, மலேரியாக் கிருமியையே முழுதாக எடுத்துப் பலவீனமாக்கி ஊசியில் ஏற்றுவது. அந்தக் கிருமி நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்து தங்குகிறது. நுளம்பின் தலையை ஊசி முனையால் மெல்ல இழுத்தால், பின்னாலேயே சுரப்பியும் வரும். கொஞ்சம் அவசரப்பட்டால் அறுந்துவிடும். இதற்குப் பொறுமையான கைகள் வேண்டும்.

அந்த ஆய்வுகூடம் பாலாவி வகுப்பிலிருந்து ஒருவரை ஆறு மாதப் பயிற்சிக்கு எடுக்கப்போகிறது. வியாழக்கிழமை வீடியோவில் பார்த்துக்கொண்டே சோதனை வைப்பார்கள். இருபது நுளம்பில் பதினைந்திலாவது சுரப்பி முழுதாக வர வேண்டும். வீட்டாரும் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். இந்த இரண்டில் எது தன்னைக் கவிழ்க்கும் என்றுதான் பஹ்மிதாவுக்குத் தெரியவில்லை.

புதன் இரவு, ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்த உம்மா ஸாஜிதாவிடம் விஷயத்தைச் சொன்னாள். ஸாஜிதா கையை நிறுத்தவில்லை.

“அந்தக் காய்ச்சல நாட்ட விட்டே கலைச்சாச்சு. நீ அதத் தேடிப் போகப் போறியா?”

“அங்க இன்னும் இருக்கு உம்மா. சின்னப் புள்ளையள்தான் கூட மவுத்தாகுதுகள்.”

“எனக்குத் தெரியாதா? ஒங்க நானாவ உப்பு லொறியில ஏத்திக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடினவள் நான்.”

பஹ்மிதாவின் அண்ணன் ஸியாத் நானாவுக்கு அப்போது மூன்று வயது. போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து கரைத்தீவு முகாமில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலம். பஹ்மிதா பிறந்திருக்கவில்லை. அந்தக் கதையில் லொறிக்கு முன் நடந்ததை உம்மா ஒருநாளும் சொன்னதில்லை.

“நாளைக்கு நானே வாறன்,” என்றாள் ஸாஜிதா. “ஒங்கட மிஸ்ஸுக்கு முகத்துக்கு நேரே ஏலாதெண்டு சொல்லிட்டு வாறன்.”

சொன்னபடியே வந்தாள். கறுப்பு அபாயாவின் ஓரத்தில் பாலாவிப் புழுதி. மேல்மாடிக்கு ஏறி மூச்சு வாங்கினாள். ஃபாஹிம் சோதனையை முடித்துவிட்டு எழுந்திருந்தான். வகுப்பிலேயே வேகமான கை அவனுடையது. ஆனால் முழுதாக வந்தது பதின்மூன்றுதான். அந்தக் கடுப்பை மறைக்க, கடைசியாகச் சோதனைக்கு உட்கார்ந்த பஹ்மிதாவின் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றான்.

“நீ நுளம்புக்கு ஒப்பரேசன் செய்யிறியா, இல்லாட்டி மன்னிப்புக் கேக்கிறியா? கெதியா இழு.”

“நீ கெதியா இழுத்துத்தானே ஏழு அறுந்தது?”

வகுப்பு சிரித்தது. பஹ்மிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் நுளம்பு சரி. இரண்டாவது அறுந்தது. மூன்றாவதும் அறுந்தது. மடிக்கணினித் திரையில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் எதையோ குறித்துக்கொண்டாள். இன்னும் மூன்றுதான் அறுபடலாம்.

பின்னால் உம்மாவின் குரல் கேட்டது. “மிஸ், நான் ஒரு கதை சொல்ல வந்தனான்.”

“கொஞ்சம் இருங்க உம்மா. அதுக்கு முதல் ஒருக்கா இதப் பாருங்க.” அக்கீலா மிஸ், நுணுக்குக்காட்டியில் தெரிவதைக் காட்டும் பெரிய திரையின் பக்கம் ஸாஜிதாவைத் திருப்பினாள்.

நான்காவது நுளம்பு திரையில் கோழியளவு தெரிந்தது. ஊசி முனை தலையைத் தொட்டது. பஹ்மிதா மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். தலை நகர்ந்தது. அதன் பின்னால் பளபளவென்று, ஊறவைத்த கசகசா மணிகளைக் கோத்ததுபோல் ஒன்று வழுகி வந்தது.

“இது என்ன?” என்றாள் ஸாஜிதா.

“இதுக்குள்ளதான் உம்மா அந்தக் கிருமி இருக்கும். இந்த நுளம்புகள்ல இல்ல, பயப்பட வேணாம். அங்க இருக்கிறதுல இருக்கும். அங்கயும் கையுறை, மூடின அறை, செத்த நுளம்பு. கடிக்க ஏலாது,” என்றாள் மிஸ்.

ஸாஜிதா திரைக்குக் கிட்டப் போனாள். மூக்கு முட்டும் தூரத்தில் நின்றாள்.

“இவ்வளவுதானா?”

திரையில் தெரிந்த அந்த மணிகளை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“இந்தத் துணுக்குக்குள்ள இருந்ததா என்ட புள்ளய அந்த ஆட்டு ஆட்டினது? மூணு சாக்குப் போட்டு மூடியும் நடுங்கினானே. நான் அவனுக்கு மேல ஏறிப் படுத்தன். என்னையும் சேத்துத் தூக்கித் தூக்கிப் போட்டது. அதுக்குப் பொறகுதான் லொறிய மறிச்சன்.”

பஹ்மிதா ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். உம்மாவின் முகத்தில் அழுகை இல்லை. மீன் சந்தையில் விலை கேட்டுக் கோபம் வந்தால் வரும் முகம் அது.

“என்னப் பாக்காத. அதப் பாத்து எடு.”

“உம்மா...”

“எடு புள்ள. இருக்கிற எல்லாத்தையும் எடு.”

பஹ்மிதா திரும்பிக் குனிந்தாள். கீழே ஒரு லொறி போனது. ஊசியைத் தூக்கிக் காத்திருந்துவிட்டு இறக்கினாள். ஒவ்வொரு தலைக்கும் உம்மா பின்னாலிருந்து, அல்லாஹ்வின் பெயரால் தொடங்கும் பிஸ்மியைச் சொன்னாள். முழுதாக வந்தால் “ஆ, அப்பிடி!” என்றாள். பதினோராவது அறுந்தபோது மட்டும், “தம்பி, நீ அங்கால போய் நில்லு. ஒன்ட நிழல் விழுது,” என்று ஃபாஹிமைத் துரத்தினாள். அவன் மறுபேச்சில்லாமல் போய்ச் சுவரோரம் நின்றான். கடைசி நுளம்புக்கு அவனும் சேர்ந்து பிஸ்மி சொன்னான்.

இருபதில் பதினேழு முழுதாக வந்திருந்தன.

மடிக்கணினியில் இருந்த பெண் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். மிஸ் மொழிபெயர்த்தாள். “பஹ்மிதாவ எடுக்க அவங்களுக்கு விருப்பமாம். வீட்டுல சம்மதமா எண்டு ஒங்கட வாயால கேக்கணுமாம் உம்மா.”

ஸாஜிதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மடிக்கணினிக்கு முன்னால் வந்தாள்.

“சம்மதம் எண்டு சொல்லுங்க. இவள் மெதுவாத்தான் செய்வாள். ஆனா செஞ்சா செஞ்சதுதான். நேரத்துக்குத் தின்னமாட்டாள், அத மட்டும் பாத்துக்கொள்ளச் சொல்லுங்க.”

“இதையும் சொல்லவா உம்மா?”

“அதத்தான் முதல்ல சொல்லணும்.”

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஸாஜிதா பக்கத்தில் இருந்த அந்நியப் பெண்ணிடம் சோதனைக் கதையை முழுதாகச் சொல்லி முடித்தாள். அவள் கதையில் இருபதும் முழுதாகவே வந்தன. பஹ்மிதா திருத்த வாயெடுத்தாள். பிறகு யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்துக்கொண்டாள்.

2025 ஓகஸ்ட் 14, வியாழன்.
பதினேழு. அறுந்த மூன்றில் இரண்டு பயத்தால், ஒன்று நிழலால். நிழலால் என்றது உம்மா. எனக்கு இன்னும் சந்தேகம்தான். என்னை எடுத்திருக்கிறார்கள்.
நாளை: பண்ணையில் அரைநாள் லீவு கேட்க வேண்டும். ஜும்ஆத் தொழுகைக்கு முதல் உம்மாவோடு புத்தளம் போய் பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க வேண்டும்.