திங்கட்கிழமை டிரைவரின் தாள்

மார்ச் 13, வியாழன்.

தவறு என்னுடையதுதான். பெரியவர்களுக்கான மாலைப் பள்ளியில், சென்ற வகுப்பின்போது டீச்சர் தாள்களை என்னிடம் தந்து, "நல்லா கலைச்சுட்டுக் குடு" என்றார். பகலெல்லாம் மருந்துக்கடையில் மாத்திரை அட்டைகளை அடுக்கும் கை எனக்கு. வரிசை மாறாமல் அடுக்கி, ஓரம் தட்டி, ஒவ்வொருவருக்கும் அவர் இடப்பக்கத்தில் இருப்பவரின் தாளையே கொடுத்துவிட்டேன்.

பயிற்சி இதுதான்: மனத்தை அரிக்கும் ஒரு கவலையைப் பெயர் போடாமல் எழுத வேண்டும். தாள் யாருக்குப் போகிறதோ அவர் அதைத் தன் கவலையாக நினைத்து, "நான்" என்று ஒரு பக்கம் எழுதி வந்து படிக்க வேண்டும். யாருடையது என்று தெரியாதபடிதான் கலைப்பது.

இன்று வகுப்புக்கு முன் பஸ் டிரைவர் அண்ணன் படிக்கட்டருகே என்னை நிறுத்தினார்.

"தங்கச்சி, எனக்கு வந்தது என் இடப்பக்கத்துக்காரர் கையெழுத்து. அப்ப என்னோடது வலப்பக்கத்துல இருக்கிற செல்போன் ரிப்பேர் அக்காகிட்டயா போச்சு?"

"ஆமாண்ணே. நான் கலைக்கல."

"கெட்டது போ. நான் எழுதினதே அவங்களைப் பத்தித்தான்."

அக்கா சக்கர நாற்காலியில் வருபவர். காலை ஆறரைக்கு அவர் மட்டும் காத்திருக்கும் நிறுத்தம் வழியாகத் திங்கட்கிழமைகளில் அண்ணனின் பஸ் போகிறது. நாற்காலி ஏறுவதற்கான சாய்பலகையை இறக்கி ஏற்ற நான்கு நிமிடம் ஆகும் என்றார். தாமதமானால் டிப்போவில் விளக்கம் எழுத வேண்டும். ஏழு மாதமாக நிற்காமலே போயிருக்கிறார்.

"அவங்க படிச்சு முடிச்சதும் நான் கிளம்பிடுவேன். இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்."

அவருக்கு இந்த ஆண்டு பரீட்சை. என்னால் படிப்பு நின்றுவிட்டால்? டீச்சரிடம் சொல்ல இரண்டு முறை எழுந்தேன். இரண்டு முறையும் பென்சிலைச் சீவிவிட்டு உட்கார்ந்தேன்.

அக்கா படிக்கத் தொடங்கினார்.

"நான் திங்கட்கிழமை டிரைவர். தூரத்திலேயே அவள் கையைத் தூக்குவது தெரிகிறது. உடனே எனக்கு வானத்தில் மிக முக்கியமான ஒரு மேகம் தென்படுகிறது. நிறுத்தம் தாண்டும்வரை அதையே பார்க்கிறேன்."

வகுப்பு சிரித்தது. அண்ணன் மட்டும் பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

"பின்னால் முப்பது பேர். யாருக்கும் வேலைக்கு நேரமாகிவிடக் கூடாது. விளக்கம் எழுதியே என் கையெழுத்து அழகாகிவிட்டது. அவள் என்னை மோசமானவன் என்று நினைக்கட்டும். நானே அப்படி நினைக்கத் தொடங்கியதுதான் திங்கட்கிழமை காலையில் சோற்றை இறங்க விடுவதில்லை."

சிரிப்பு அடங்கியது. அண்ணன் எழுந்தார். கதவைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"அந்த டிரைவர் நான்தாங்க."

"தாள்ல கையெழுத்தைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. ஏழு மாசமா உங்க பஸ்ஸோட முதுகைத்தான் பாத்தேன். இப்பதான் முகத்தைக் காட்டுறீங்க."

"மன்னிச்சுடுங்க."

"அது இருக்கட்டும். நாலு நிமிஷம்னு யாரு சொன்னா?"

"பலகையை இறக்கச் சொல்லிக்குடுத்த அன்னிக்கு அது சிக்கிக்கிச்சு. நாலு நிமிஷம் ஆச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் அதைத் தொட்டதே இல்ல."

"மத்த நாள் டிரைவருங்க என்னைத் தினம் ஏத்துறாங்க. ஒன்னே முக்கால் நிமிஷம். இத்தனை நாள் ஒரு பலகைக்குப் பயந்தா என்னை அடுத்த பஸ்ஸுக்குக் காக்கவச்சீங்க?"

முதலில் சிரித்தவர் அண்ணன்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். டீச்சர் மேசையில் தலை கவிழ்ந்து சிரித்துக் குலுங்கினார். அண்ணன் பையை மறுபடி பெஞ்சுக்கு அடியில் வைத்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

"ஆனா அந்த ஒன்னே முக்காலும் அட்டவணையில இல்லீங்க," என்றார் அண்ணன்.

"அப்ப அதைச் சேர்க்கச் சொல்லி டிப்போவுக்கு எழுதுவோம்," என்றார் அக்கா.

நான் செய்த தவறை டீச்சரிடம் சொன்னேன். "அடுத்த தடவை கலைக்கிற வேலை உனக்குக் கிடையாது," என்றார். அது நியாயம்தான்.

நாளைய வேலை: காலை ஆறரைக்கு அக்காவின் நிறுத்தத்தில் நின்று, பலகை இறங்கி ஏறும் நேரத்தைக் குறிக்க வேண்டும். மாலையில் டிப்போவுக்குக் கடிதம். முதல் பத்தி அண்ணன், இரண்டாவது அக்கா. குறித்த நேரக் கணக்கை நான் எழுத வேண்டும்.