தேவாரத்துப் பால்

பதிவு அலுவலகத்தில் எங்கள் கல்யாணம் நடந்த அன்றே என் மாமியார் ராஜாத்தி அத்தை சொல்லிவிட்டார், அந்தப் போடிக்காரி வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது என்று. நான் போடி கடைவீதியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற சர்ச்சுக் குடும்பத்துப் பெண். அவர்கள் தேவாரம் என்ற ஊரில் தோட்டமும் மாடுமாக இருக்கிறவர்கள். இரண்டு வருஷம் அந்தச் சொல்லை அவர் காப்பாற்றினார். ரோஷம் எனக்கும் உண்டு, நானும் போய் நிற்கவில்லை. தேனியில் சொந்த வீடு கட்டிப் பால் காய்ச்ச நாள் குறித்ததும் என் கணவர் சுரேஷ்கண்ணன் போய்க் கூப்பிட்டார். மகன் வீடாயிற்றே, வருவதாகச் சொன்னாராம். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விட்டாராம்.

ஒரு வாயாவது சாப்பிட வைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது. இட்லியும் பொங்கலும் வைத்தால் குறை கண்டுபிடிப்பார். பார்த்தே இராத ஒன்றை வைத்தால் என்ன குறை சொல்ல முடியும்? போனைப் பார்த்துப் பழகினேன். மைதாவை நீர்க்கக் கரைத்து, பீட்ரூட் சாறு விட்டால் சிவப்புத் தோசை, பாலக்கீரையை அரைத்து ஊற்றினால் பச்சை, கேரட் போட்டால் மஞ்சளிலும் சேராத சிவப்பிலும் சேராத ஒரு நிறம். கைக்குட்டை மாதிரி மெல்லிசாக வார்த்து, உள்ளே மெத்தென்ற பாலாடைக்கட்டியும் மிளகுத்தூளும் வைத்து மடிக்க வேண்டும். கடைப் பன்னீர் ரப்பராக இழுத்தது. அதனால் நானே பாலைக் காய்ச்சி, எலுமிச்சம்பழம் பிழிந்து திரிய வைத்துத் துணியில் வடித்தேன். பத்து நாள் இதே வேலையாக இருந்ததில், பால் திரிந்தாலே எனக்குச் சந்தோஷம் என்று ஆகிவிட்டது. அங்கேதான் வினை வந்தது.

பால் காய்ச்சுகிற அன்று விடியற்காலையில் கொல்லைக் குழாயடியில் பீட்ரூட்டைக் கழுவிவிட்டு உள்ளே வந்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் எவர்சில்வர் தூக்குவாளி நிறையப் பால் இருந்தது. பால்காரர் பேச்சிமுத்துவைச் சீக்கிரம் வரச் சொல்லியிருந்தேன், அவர்தான் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். சட்டியில் ஊற்றிக் காய்ச்சி, இரண்டு பழத்தைப் பிழிந்தேன். பால் பளிச்சென்று பிரிந்து கட்டிகட்டியாக மிதந்தது. நல்ல பால் என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன்.

வாசற்படியில் அத்தை நின்றுகொண்டிருந்தார். கையில் மஞ்சள் பூசிய புதுப்பானை.

தூக்கின் பிடியில் மஞ்சள் கயிறு சுற்றியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். நான் கொல்லையில் இருந்தபோது அவர்கள் வந்திறங்கியிருக்கிறார்கள். அது அவர்கள் வீட்டு மாட்டின் பால். மாமனார் அம்மாவாசி தன் கையால் கறந்தது, புதுப்பானையில் பொங்க வேண்டியது. பால் காய்ச்சுகிற வீட்டில் பால் திரிந்தால் குடும்பம் திரியும் என்பார்கள். தானாகத் திரிந்தாலே அப்படி. நான் பழம் பிழிந்து திரிய வைத்திருக்கிறேன்.

சட்டியைத் தூக்கித் தொட்டியில் கொட்டப் போனேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கொட்டாத. மொத நாளு வீட்டுல பாலக் கொட்டக் கூடாது."

பிழிந்து போட்ட எலுமிச்சைத் தோல்களைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு கூடத்துக்குப் போனார். இனி வெடிக்கப் போகிறது என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அவர் அங்கே சொன்னது, தான் கொண்டுவந்த பால் பஸ்ஸில் குலுங்கித் திரிந்துவிட்டது, பால்காரர் பாலை வைத்துக் காய்ச்சுங்கள் என்று. என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை.

பேச்சிமுத்து வந்தார், பால் பொங்கியது, குலவை போட்டார்கள். சொந்தக்காரர்கள் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. நான் நடந்ததைச் சொல்லாமல், அந்தத் திரிந்த பாலைத் துணியில் வடித்துத் தோசைக்குள் வைத்து மடித்துக்கொண்டிருந்தேன். பயம்தான், வேறொன்றும் இல்லை.

எல்லோரும் இலையில் உட்கார்ந்தார்கள். அத்தை மூலையில் தள்ளி உட்கார்ந்து, தேவாரத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைப் பிரித்தார். தண்ணீர்கூட அவர் வீட்டுப் பாட்டில்தான். மற்றவர்களுக்கு நான் தோசைகளை வைத்துக்கொண்டே போனேன். மாமனாரின் தங்கை ஹேமாவதி சிவப்புத் தோசையில் ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு மூலையைப் பார்த்தார்.

"மனசு திரிஞ்சு கெடந்தா பாலு திரியாம என்ன செய்யும் மதினி? ரெண்டு வருசமா வயிறெரிஞ்சீகள்ல."

நாலைந்து தலைகள் ஆடின. மாமனார் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. இடது கை முந்தானை முடிச்சைப் பிடித்திருந்தது. அதை அவிழ்த்துக் காட்டினால் பழி என் தலையில் விழும், அவர் தப்பித்துவிடுவார். அவர் அவிழ்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. தட்டைக் கீழே வைத்தேன்.

"பாலு தானாத் திரியல. அத்த கொண்டாந்ததுன்னு தெரியாம நாந்தான் தோசைக்குள்ள வைக்க எலுமிச்சம்பழம் பிழிஞ்சேன். அவுக எனக்காகப் பொய் சொன்னாக."

என் கணவர் பேயறைந்த மாதிரி நின்றார். பால் காய்ச்சுகிற நாளில் எலுமிச்சம்பழம் பிழிய இதென்ன மந்திரவாதி வீடா என்று கேட்டுக்கொண்டே ஹேமாவதி இலையை மூடப் போனார். அவர் எழுந்தால் அத்தனை பேரும் எழுந்துவிடுவார்கள். பாதி இலையில் எழுந்துபோன சொந்தம் அப்புறம் இந்த வாசலை மிதிக்காது.

அத்தை புளிச்சோற்றை மடித்து ஓரமாகத் தள்ளினார். தனக்கு ஒரு இலையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உக்காரு ஏமாவதி. தானாத் திரிஞ்சாத்தான் ஆகாது. இது சமைச்ச பாலு." பிறகு என்னைப் பார்த்தார். "இங்கன ஒண்ணு வையி."

நான் வைத்த அவசரத்தில் தோசை இலையில் கோணலாக விழுந்தது. அவர் சிவப்பைப் பிட்டார், உள்ளே வெள்ளை தெரிந்தது. அவர் வீட்டு மாட்டின் பால். வாயில் போட்டு நிதானமாக மென்றார். ஹேமாவதி மூடப் போன இலையில் கை வைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்புப் பத்தல, ஏஞ்சலு. கொஞ்சம் கொண்டா."

என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அடுப்படிக்கு ஓடினேன். உப்பு ஜாடி கண்ணெதிரேதான் இருந்தது. கண்ணீர் மறைத்ததில் அது வெகுநேரம் எனக்கு அகப்படவே இல்லை.