காயாத தடம்

அந்த ஊரில் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் நடந்த இடமெல்லாம் ஈரத் தடம் பதிகிறது என்பது, ஒரு சொட்டு மழையில்லாத கோடையில் தெரியவந்தது. செருப்புப் போட்டாலும் பதிந்தது. இன்னும் எத்தனை பேரை உள்ளே விடலாம் என்று வருடக்கணக்கில் சண்டை போட்டு, உள்ளே இருப்பவர்களில் யார் நம்மவர் என்ற கேள்வியிலேயே முட்டிக்கொண்டு நின்ற சொந்த ஊரார் சங்கத்துக்கு இது கேட்காமலே கிடைத்த வரம். சங்கச் செயலாளரான மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பூதக்கண்ணாடியோடு கிளம்பினார். மாடியில் குடியிருந்த கடிகாரம் பழுதுபார்ப்பவனின் படிகள், புதிதாய் வந்த நர்ஸின் வராந்தா, ரொட்டிக் கடை வாசல் என்று எங்கே குனிந்தாலும் ஈரம். சந்தேகம் வராத தரை எதையும் அவர் குனிந்து பார்க்கவில்லை. அவர் வீட்டிலேயே, குழாய் கசிகிறது என்று மனைவி அந்தக் கோடை முழுக்கத் தரையைத் துடைத்தபடி முனகியது அவர் காதில் ஏறவில்லை.

‘இனி ஒருவரும் வேண்டாம்’ என்ற தீர்மானம் நிறைவேறினால் தலைவர் நாற்காலி அவருக்கு. ஓட்டெடுப்பன்று எல்லோரும் உட்கார்ந்தபின் மண்டபத் தரையை உலர்த்தி, வாசலிலிருந்து மைக் வரை வெறுங்காலோடு தடம் பதியாமல் நடந்து காட்டியவருக்கே ஓட்டுரிமை என்று ஏற்பாடு செய்து, முன்மாதிரியாக அவரே முதலில் நடந்தார். மைக்கைத் தட்டிவிட்டுத் திரும்பினால், வாசல்வரை பளபளவென்று தடம்.

“யாரோ தண்ணி கொட்டியிருக்காங்க.”

“நீங்கதான் மச்சான் நடந்தீங்க,” என்றான் மச்சினன். “உங்க வம்சம் எப்ப வந்துச்சு?”

“நாங்க எப்பவும் இங்கதான்.”

“அதுக்கு முன்னாடி?”

“நீ நட, பாப்போம்.”

மச்சினனுக்குத் திடீரென்று குதிகால் வெடிப்பு. பொருளாளருக்கு அடுப்பை அணைத்த ஞாபகமில்லை. செருப்பைக் கழற்ற ஆளில்லாமல் தீர்மானம் தொங்கலில் நின்றது. அதற்குப் பிறகு ஊரில் யாரும் முகம் பார்த்துப் பேசவில்லை; தரையைப் பார்த்தே பேசினார்கள். கடைக்காரர் சட்டைப்பையில் துணியோடு நடமாடினார்.

மறுவருடம் பேத்தி தவழ்ந்தாள். தொட்டிலிலிருந்து அவர் நாற்காலிவரை சின்னச் சின்ன உள்ளங்கைகள், ஈரமாக. ஜன்னலைச் சாத்திவிட்டுத் துடைத்தார். அவள் மறுபடி வந்தாள்.

“விடுங்கப்பா,” என்றாள் மகள். “நீங்க துடைக்கத் துடைக்க அவ வந்துகிட்டேதான் இருப்பா.”

எதிர்வீட்டுத் திரை அசைகிறதா என்று ஒருதரம் பார்த்தார். பிறகு துணியை நாற்காலிக்கடியில் போட்டார்.

இப்போது எல்லா வாசலிலும் தடம் துடைக்க ஒரு துணி கிடக்கிறது. சங்கத்தில் பேச எழுகிறவர் தன் தடத்தைத் தானே துடைத்துவிட்டுத்தான் மைக்கைத் தொடவேண்டும். கூட்டங்கள் சீக்கிரம் முடிந்துவிடுகின்றன.