காலில்லாத முக்காலி

தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். ரேடியோவையாவது அணைக்கலாம், இவளை அணைக்க முடியாது என்று கட்டிய கணவனே சொல்வான். பெருமை பேசுவதென்றால் அவளுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. அதுவும் மகளைப் பற்றி என்றால் கேட்கவே வேண்டாம்.

மகளுக்கு லேசர் கட்டிங் பட்டறையில் வேலை. பெயர்ப்பலகை வெட்டுவதும், மெஷினில் புகை படிந்த கண்ணாடியைத் துடைப்பதும்தான் இத்தனை நாளும் அவள் பாடு. இப்போது முதல்முறையாக முதலாளி, "நீயா ஒண்ணு வரைஞ்சு செய்ம்மா, புதுக் கடை திறக்கற அன்னிக்கு வாசல்ல வைக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். அவள் ஒரு முக்காலி வரைந்தாள். ஒரே ஒரு தடித்த தாள். வெட்ட வேண்டிய கோட்டை லேசர் வெட்டும், மடிக்க வேண்டிய கோட்டை மேலாகக் கீறும். மடித்துச் செருகினால் பசையே இல்லாமல், காலும் இல்லாமல், ஆறு பக்க முக்காலி எழுந்து நிற்கும். பார்வைக்கு வைக்கிற பொருள், அவ்வளவுதான்.

ரேடியோ அதற்குள் ஒலிபரப்பிவிட்டாள். "எம்பொண்ணு பேப்பர்ல முக்காலி செய்யறா. நானே ஏறி உட்காரப் போறேன், எல்லாரும் வந்து பாருங்க!"

எதிர்க்கடைத் தையல்காரி ஊசியில் நூல் கோத்தபடியே சிரித்தாள். "பேப்பர் மேலயா? நீயா? வரேன் வரேன், கையில தைலத்தோடயே வரேன்."

மகள் காதுக்கு விஷயம் போனதும் வீட்டில் இடி இறங்காத குறைதான். "யாரைக் கேட்டும்மா சொன்னே? அது பார்க்கறதுக்கு! ஊரே பார்க்க நசுங்கிச்சுன்னா யார் மானம் போகும்? அப்புறம் காலம் பூரா நான் கண்ணாடி துடைக்க வேண்டியதுதான்."

அப்போதுதான் ரேடியோவுக்கு உறைத்தது. பெருமை பேசப் போய்ப் பெற்ற பிள்ளையின் பிழைப்பில் மண்ணைப் போட்டோமே! "நான் போய் எல்லார்கிட்டயும் இல்லேன்னு சொல்லிடறேண்டி" என்றாள் ஈன சுரத்தில்.

மகள் வரைந்த தாளை எடுத்து விரித்தாள். "வேணாம். நீ எத்தனை கிலோ?"

"அறுபத்தஞ்சு."

மகள் வரைந்ததைக் கலைத்து மறுபடி வரைந்தாள். முதலில் செய்தது, தண்ணீர் கேனை வைத்ததுமே மடிப்போடு கிழிந்தது. கீறல் ஆழமாகி, தாள் பொசுங்கியிருந்தது. சூட்டைக் குறைத்தாள். மடிப்புக் கோட்டை ஒரே இழுப்பாக இல்லாமல் இடைவெளி விட்டு விட்டுக் கீறினாள். அதே தாளிலிருந்து உள்பக்கம் மடிகிற குறுக்குச் சுவர்களைச் சேர்த்தாள். ரேடியோ அந்த வாரம் முழுக்கத் தெருப்பக்கமே வரவில்லை.

திறப்பு நாளன்று வாசலில் நல்ல கூட்டம். நடுவே வெள்ளை முக்காலி, மடிப்புகளில் மட்டும் மெல்லிய பழுப்பு ஓரம். சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு அழகு! தையல்காரி தைலப் புட்டியை ஆட்டிக் காட்டினாள். ரேடியோ முக்காலி வரைக்கும் வந்துவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடியே, நான் உன்கிட்ட சொன்னது பொய்டி. எழுபத்தெட்டு" என்று கிசுகிசுத்தாள்.

"தெரியும். உன்னை எனக்குத் தெரியாதாம்மா? தொண்ணூறு தாங்கற மாதிரி போட்டிருக்கேன். உட்காரு."

உட்கார்ந்தாள். கரக்கென்று ஒரு சத்தம். சத்தம் அத்தோடு நின்றது. ரேடியோ மெல்ல ஒரு காலைத் தூக்கினாள், அப்புறம் இன்னொன்றையும் தூக்கினாள். முக்காலி அசையவில்லை.

முதலாளி தலையை ஆட்டினார். "கண்ணாடி துடைக்க இனிமே வேற ஆள்தான் பார்க்கணும் போலிருக்கு" என்றார்.

தையல்காரிக்குத்தான் பொறுக்கவில்லை. "இதுல என்ன அதிசயம்? இவ அம்பத்தெட்டு கிலோதானே? பஞ்சு மாதிரி இருக்கேன்னு இவளே எத்தனை தரம் சொல்லியிருக்கா!"

ரேடியோ ஒரு கணம் மகளைப் பார்த்தாள். பிறகு முக்காலியில் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"எழுபத்தெட்டு! எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க, நான் எழுபத்தெட்டு கிலோ! எம்பொண்ணு செஞ்ச பேப்பர் தாங்குது!"