ஏலக்காயை மிதிக்காத பேய்

பங்களாக் கூடத்தில் ஏலக்காய் பரப்பிக் கிடந்தது. கழிவுக்காய்தான், இருந்தாலும் ஏலக்காய். போடியில் செல்போன் கடை வைத்திருக்கும் பிரபு ஒரு சாக்கு வாங்கிவந்து தன் கையாலேயே கொட்டியிருந்தான். பேய்க்குப் பயந்து ஓடிவரும் சின்ராசு அதில் வழுக்கி மல்லாந்து விழவேண்டும். பிரபு எடுக்கும் சிரிப்புக் குறும்படத்துக்கு அதுதான் உயிர்நாடி.

குரங்கணிக்கு மேலே பாழடைந்து கிடந்த அந்த எஸ்டேட் பங்களாவில், சுவரோரம் நின்ற அனுசியா அந்தக் காய்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் விழாத விழுகையா? திருவிழா நாடகங்களில் பபூன் வேஷம் கட்டி மேடை மேடையாக விழுந்தவர்தான் சின்ராசு. விழுந்ததும் இடது கால் பெருவிரலை மட்டும் லேசாக ஆட்டுவார். அடி ஒன்றும் படவில்லை என்று கூட்டத்தில் இருக்கும் அவளுக்கு மட்டும் சொல்கிற சேதி அது. போன வருஷம் லோடு ஜீப்பிலிருந்து விழுந்தபோதும் அவள் அந்த விரலைத்தான் பார்த்தாள். அது ஆடவில்லை. இடுப்பெலும்பு முறிந்து மாசக்கணக்கில் படுத்து எழுந்த மனுஷன், அதன்பிறகு வாசற்படி இறங்கவும் சுவரைப் பிடித்தார். கேலிப் பேச்சும் நின்றுபோயிற்று. பிரபு வந்து நடிக்கக் கேட்ட அன்றைக்குத்தான் முகத்தில் பழைய களை திரும்பியது. அதைக் கெடுக்கவும் அவளுக்கு மனசில்லை, விழவிடவும் மனசில்லை.

“பாத்து விழுங்க,” என்றாள்.

“பாத்து விழுந்தா எவன்டி சிரிப்பான்?”

வெள்ளை வேட்டியைப் போர்த்திக்கொண்டு பேயாகத் தங்கபாண்டி துரத்த, சின்ராசு அலறிக்கொண்டு ஓடிவந்தார். ஏலக்காய் விளிம்புக்கு வந்ததும் டக்கென்று நின்றார். ஓரமாக ஒதுங்கி, சுவரை ஒட்டிப் பதனமாக நடந்து, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் மறுபடி அலறி ஓடினார். பின்னால் வந்த பேயும் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அதே வழியில் போனது. காலில் பட்ட ஒரு காயை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. தங்கபாண்டியும் சின்ராசு போல ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்க்கிறவன்தானே.

“அண்ணே, மிதிச்சு வழுக்கணும்ணே,” என்றான் பிரபு.

“சோறு போடுற காயிடா. கால் போக மாட்டேங்குது, நான் என்ன பண்ணட்டும்?”

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் மனுஷனும் பேயும் ஒருவர் பின் ஒருவராக மரியாதையாக ஒதுங்கிப் போனார்கள். அனுசியா முந்தானையால் வாயைப் பொத்தியும் சிரிப்பு அடங்கவில்லை. இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று. எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்த சின்ராசு திரும்பி அதைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் கிறுக்குப் பிடித்துவிட்டது. ஒரு துள்ளுத் துள்ளியவர் பேயின் வேட்டி நுனியை மிதிக்க, இருவரும் சுருண்டு விழுந்தார்கள். பேய் எழுந்து உட்கார்ந்தது. சின்ராசு எழவில்லை.

அனுசியா ஓடினாள். அவர் காலருகே போய் நின்று அந்த விரலையே பார்த்தாள்.

இடது பெருவிரல் மெதுவாக ஆடியது.

“ஏ புள்ள,” என்றார் சின்ராசு படுத்தவாக்கில், “காயப் பூரா மிதிச்சிட்டு வந்து நிக்கிறயே.”

அனுசியா திரும்பிப் பார்த்தாள். கூடத்தின் நட்டநடுவே, பரப்பிய ஏலக்காயைப் பிளந்துகொண்டு அவள் பாதத் தடங்கள் நேராக வந்திருந்தன. நசுங்கிய காய்களின் வாசம் எழுந்து, பூட்டிக்கிடந்த அறைகளுக்குள்ளும் போய்க்கொண்டிருந்தது.